ஓடைக்கு விட வேண்டிய பங்கு

அந்தத் துண்டை அப்படிச் சுருட்டி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைக்காதீங்க மேடம். கொடைக்கானல் ஈரத்துக்கு ரெண்டே நாள்ல பூசணம் பிடிச்சிரும். மடிச்சுக் காத்தாட வைங்க. நான் நல்லாத் துவைச்சுக் காயப்போட்டுத்தான் மேசை டிராயர்ல வச்சிருந்தேன். உங்க ஆளுங்க எடுக்கிறப்பவே மடிப்பைக் கலைச்சுட்டாங்க.

டீக்கு நன்றிங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க, இந்தக் குளிருக்கு இதமா இருக்கு.

வக்கீலை நான்தான் வெளிய உக்காரச் சொன்னேன். முதலாளி அனுப்பி வச்ச ஆளு. ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டு வந்து எனக்குப் பாடம் சொல்லித் தர்றாரு. அணை ஷட்டர் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, பல் நழுவிருச்சு, தானா ஏறிக்கிருச்சு, விபத்துன்னு மட்டும் சொல்லும்மா ரோகிணி, மத்ததை நான் பார்த்துக்கிறேங்கிறாரு. அந்த ஷட்டருக்கு மாசாமாசம் கிரீஸ் போடுறது நான். கையை விட்டா வச்ச இடத்துல அப்படியே நிக்கும், ஒரு விரக்கடை இறங்காது, ஏறாது. வேணும்னா நீங்களே போய்ச் சுத்திப் பாருங்க. அதைப் போய் ஓட்டை ஷட்டர்னு என் வாயாலயே சொல்லணுமாம். அப்படி ஒரு பொய்யைச் சொல்லி வெளிய வந்து நான் என்ன செய்யப் போறேன்.

அதனால நடந்ததை நடந்தபடியே சொல்றேன். நீங்க நடுவுல கேள்வி கேக்காம இருந்தா வெரசா முடிச்சிரலாம்.

எனக்கு ஊர் பழனி. அடிவாரத்துல அப்பாவுக்குக் கடை. காவடிச் சாமான், செம்பு, விபூதி, மாலை, சின்ன வேல், இதெல்லாம் விக்கிற கடை. பொண்ணு கல்லாவுல உக்காந்தா யாவாரம் நல்லா நடக்கும்னு அப்பாவுக்கு ஆசை. எனக்கு மெஷின் மேல ஆசை. எலக்ட்ரிக்கல் படிச்சேன். வட்டப்பாறை நீர்மின் நிலையத்துக்கு நான் வந்தப்ப அது நிலையமாவே இல்ல. கவுஞ்சிக்குப் போற ரோட்டுல இருந்து கீழ இறங்கினா ஒரு தகரக் கொட்டகை, உள்ள எவரோ கைவிட்டுட்டுப் போன டர்பைன், அதுக்குள்ள எலி குடும்பம் நடத்திக்கிட்டு இருந்துச்சு. அதைக் கழட்டித் துடைச்சு, சுத்த வச்சது நான். கல்யாணம் பண்ணிக்கோன்னு அம்மா அழுதப்பல்லாம் நான் அந்த பேரிங்கைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். பெருமைக்குச் சொல்லலை. பெருமைதான், சரி, இருந்துட்டுப் போகட்டும்.

எங்க நிலையம் எதுக்குன்னு உங்களுக்குச் சொல்லணும். அது தெரியலைன்னா மத்ததும் புரியாது. பஸ்ஸுல இத்தனை சீட்டு பெண்களுக்குன்னு எழுதி வச்சிருக்காங்கல்ல, அந்த மாதிரி கரண்டு விக்கிற கம்பெனிகளுக்கும் ஒரு சட்டம் இருக்கு. வருசத்துல நீ விக்கிற கரண்டுல இத்தனை பங்கு வெயில்லயோ காத்துலயோ தண்ணியிலயோ வந்ததா இருக்கணும். முழுக்கக் கரியை எரிச்சு வித்தேன்னா அபராதம். சொந்தமாத் தயாரிக்க முடியாத கம்பெனி எங்களை மாதிரி சின்ன நிலையத்துக்கிட்ட வாங்கித்தான் ஆகணும். கரண்டோட ஒரு சான்றும் சேர்ந்து போகும், இது கரிப்புகை இல்லாத கரண்டுன்னு. சின்ன ஆளுங்களும் தாக்குப்பிடிக்கணுமேன்னு அரசாங்கம் எங்களுக்கு விலையும் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கு. அந்த விலை இல்லைன்னா எங்க கொட்டகை திரும்ப எலிக்குத்தான்.

கணக்கு முடியுறது மார்ச் மாசம். ஒப்பந்தத்துல சொன்ன அளவு கரண்டை மார்ச்சுக்குள்ள நாங்க குடுத்தாகணும். குடுக்கலைன்னா கம்பெனிக்காரன் வேற ஆளைப் பார்த்துக்குவான். கீழ தெக்கத்திச் சீமையில வெயிலுக்கா பஞ்சம், கண்ணாடித் தகட்டை விரிச்சு வச்சுக்கிட்டு எத்தனையோ பேரு காத்துக்கெடக்காங்க. அவங்களோட எனக்குச் சண்டை இல்ல. ஆனா என் டர்பைன் நிக்கக் கூடாது.

இதுல ஒரே ஒரு இடைஞ்சல். சான்று குடுக்குற அங்கீகாரம் எங்களுக்கு வேணும்னா ஒரு நிபந்தனை உண்டு. தடுப்பணையில தேங்குற தண்ணி மொத்தத்தையும் டர்பைனுக்கு எடுத்துக்கக் கூடாது. டர்பைனுக்குப் போன தண்ணி அந்தப் பக்கத்துப் பள்ளத்துல போய் விழும், இந்த ஓடைக்குத் திரும்ப வராது. ஒரு பங்கை எந்நேரமும் ஓடைக்கு விட்டுக்கிட்டே இருக்கணும். அதுக்காக அணையோட காலடியில ஒரு இரும்புக் குழாய் வச்சிருக்கு. மழைக்காலத்துல அது பாட்டுக்குப் போகும், யாருக்கும் கஷ்டம் இல்ல. தை பிறந்ததும் ஓடை இளைச்சுப் போகும். அப்ப அந்தப் பங்கையும் விட்டா டர்பைனுக்குத் தண்ணி பத்தாது. பாதித் தண்ணிக்குப் பாதிக் கரண்டு வரும்னு நினைக்காதீங்க. ஒரு அளவுக்குக் கீழ போனா அது சுத்தவே சுத்தாது.

அதனால தை மாசம் அந்தக் குழாயை அடைச்சேன். மரக்கட்டையைச் செதுக்கி, சாக்கைச் சுத்தி, நானே தண்ணியில இறங்கி அடிச்சு ஏத்தினேன். மனோஜ்குமார்கிட்ட சொல்லலை. அவன் என்கிட்ட வேலை பார்க்குற ஆபரேட்டர், பண்ணைக்காட்டுக்காரன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், பயந்த சுபாவம். அவனை இதுல இழுக்காதீங்க. அவன் உங்ககிட்ட வந்து சொன்னதுல எனக்குக் கோவமும் இல்ல.

தப்புங்கிறீங்களா. இருக்கட்டும். கரிப்புகையைக் குடிச்சுச் சாகுற சனம் எத்தனைன்னு யாராவது ஸ்டேஷன்ல உக்கார வச்சு விசாரிச்சாங்களா மேடம். நான் ஒரு ஓடையைத்தான் நிறுத்தினேன். அதுவும் மழை வர்ற வரைக்கும். உங்க தலைக்கு மேல எரியுற லைட்டுல என் ஓடையும் கொஞ்சம் இருக்கு, உங்க மேசையில சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கிற போன்லயும் இருக்கு. வேண்டாம்னா கழட்டி வைங்க.

கந்தவேலண்ணன் அதுக்கப்புறம்தான் வந்தாரு.

அணைக்குக் கீழ வட்டப்பாறை ஊர். எல்லாம் படிப்படியா வெட்டுன பூண்டுக்காடு. ஓடைத் தண்ணியை முறை வச்சுப் பாய்ச்சுவாங்க, இன்னைக்கு இவரு காடு, நாளைக்கு அவரு காடுன்னு. அந்த முறையைப் பார்த்துத் தண்ணியைத் திருப்பி விடுறதுக்கு ஊர்ல ஒரு மடைக்காரர் உண்டு. அதுதான் கந்தவேலண்ணன். ஆளு வாட்டசாட்டமா இருப்பாரு, ஒரு முழங்கால் மட்டும் சரியில்லாம இழுத்து இழுத்து நடப்பாரு. வாய் ஓயாது. வருசா வருசம் புகையில தொங்கவிட்ட பூண்டு ஒரு கொத்து கொண்டாந்து என் குவார்ட்டர்ஸ் வாசல்ல மாட்டிட்டுப் போவாரு. இன்ஜினியரம்மா, தனியாக் கெடக்கீக, வாயு பிடிக்காம இருக்கும், ரசத்துல தட்டிப் போடுங்கம்பாரு. நல்ல மனுசன். அதை நான் இல்லைன்னு சொல்லலை.

ஓடை காஞ்சதும் வந்து நின்னாரு. "ஏம்மா, பூண்டு பல்லுத் திரளுற நேரம். ஓடையில ஈரத்தையே காணோமே, மேல என்ன சோலி நடக்கு?" அப்படின்னாரு. மழை இல்லைண்ணே, நான் என்ன பண்ணட்டும்னேன். அவரு அணையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. காலை இழுத்துக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. மறுநாள் ஊர்க்காரங்க நாலஞ்சு பேரோட ஓடை வழியாவே ஏறி வந்தாரு, குழாயைப் பார்க்கணும்னு.

அப்பத்தான் நான் சைரனை அமுக்கினேன்.

சைரன் எதுக்குன்னா, ஷட்டரைத் தூக்கித் தண்ணி விடுறதுக்கு முன்னாடி ஊதணும். ஓடையில ஆளு, மாடு நின்னா மேடேறிரும். ஒரு தடவை ஊதிட்டுக் காத்திருந்து, இன்னொரு தடவை ஊதிட்டு, அப்புறம்தான் ஷட்டர்ல கை வைக்கணும். அதான் முறை. ஓடைக்கரையில ஒரு போர்டும் வச்சிருக்கேன், சைரன் கேட்டால் உடனே ஓடையை விட்டு வெளியேறவும்னு. அன்னைக்கு ஊதினதும் பெரியவங்க, பொம்பளைங்க எல்லாம் வேட்டி சேலையைத் தூக்கிக்கிட்டுக் கரைக்கு ஓடுனாங்க. தண்ணி வரலை. நான் விட்டாத்தானே வரும். ஆனா அன்னைக்கு யாரும் குழாய்ப் பக்கம் வரலை, அது எனக்குப் போதும்.

மறுபடி வந்தாங்க, மறுபடி ஊதுனேன். ஓடைக்குள்ள தலை தெரிஞ்சா ஊதுவேன். நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. ஒரு நாள் கந்தவேலண்ணனுக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் ஓட, அவரால ஏற முடியலை. ஒரு பாறை மேல உக்காந்துட்டாரு. மூஞ்சியைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்ததை நான் மேல இருந்து பார்த்தேன். தண்ணி வரலை. ரொம்ப நேரம் கழிச்சுக் கையை எடுத்துட்டு அண்ணாந்து என் பக்கம் பார்த்தாரு. அப்புறம் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குக் கேக்காட்டாலும் தெரிஞ்சது.

அதோட முடிஞ்சுபோச்சு. அம்மா சும்மா ஊதுறாகன்னு ஊர் பூரா சொல்லிட்டாரு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறப்ப சைரன் மாதிரியே ஊளையிட்டுக்கிட்டுப் போகும். நான் ஊதுனா அண்ணன் ஓடைக்குள்ள நின்னபடியே, மம்பட்டியைக் கூடக் கீழ வைக்காம, ஒரு கையைத் தூக்கிக் காட்டுவாரு. சரி சரி, கேட்டுருச்சு, உன் வேலையைப் பாருங்கிற மாதிரி. துண்டை எடுத்து என் போர்டு மேலயே காயப்போடுவாரு. எழுத்து பாதி மறைஞ்சு, ஓடையை விட்டு-ங்கிறது மட்டும் தெரியும். எனக்கு அது பிடிக்கலை. எச்சரிக்கை போர்டு துணி காயப்போடுற கொடி இல்ல.

நீங்க நினைக்கிறது புரியுது. அப்பவே ஊதுறதை நிறுத்தியிருக்கலாமேங்கிறீங்க. தினமும் சைரனைச் சோதிச்சுப் பார்க்கணும்னு விதியிலயே இருக்கு மேடம். நான் விதியை மீறலை.

பங்குனி பிறந்ததும் அண்ணன் மாலை போட்டுட்டாரு. வட்டப்பாறையில ஒரு வழக்கம். பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டவங்க, அவங்க ஓடைத் தண்ணியைச் செம்புல பிடிச்சு, வாயைத் துணியால கட்டித் தலையில வச்சுக்கிட்டுத்தான் பழனிக்கு இறங்குவாங்க. காட்டுப்பாதை வழியா நடை. அந்தத் தண்ணி முருகனுக்குப் போகும். கிணத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி ஆகாது. எங்க கடையில அப்பா அந்தச் செம்புக்கு விபூதி பூசிக் குடுக்கிறதை நான் சின்னப் பிள்ளையில பார்த்திருக்கேன். வருசா வருசம் எங்க கடை வாசல்ல வந்து நின்ன கூட்டத்துல கந்தவேலண்ணனும் இருந்திருப்பாரு. கேட்டுக்கிட்டதில்ல.

மாலை போட்டவரை நாங்க பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். சாமின்னுதான் கூப்பிடணும். அவரும் அந்த நாள்ல பொய் பேசக் கூடாது, கோவப்படக் கூடாது. அவரு பச்சை வேட்டியும் பச்சைத் துண்டுமா வந்து என் ஆபீஸ் வாசல்ல நின்னப்ப, வாங்க சாமின்னு எந்திரிச்சு நின்னுதான் கூப்பிட்டேன். செருப்பைக் கூடக் கழட்டிட்டேன். அதெல்லாம் ரத்தத்துல ஊறினது.

அது ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம். வருசக் கடைசியில அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வரும். மறுநாள் காலையில மூணு அதிகாரிங்க ஜீப்புல வர்றதா இருந்துச்சு. முதல்ல கீழ ஓடையைத் தாண்டுற ரோட்டுப் பாலத்துல இறங்கி ஓடையில தண்ணி போகுதான்னு பார்ப்பாங்க, அப்புறம்தான் நிலையத்துக்கு வருவாங்க.

"அம்மா, நான் யார்கிட்டயும் போய்ப் புகார் சொல்ல மாட்டேன். ஆனா மாலை போட்டிருக்கேன். ஆபீசருக வந்து கேட்டாகன்னா உள்ளதைத்தான் சொல்லணும். தையில இருந்து ஓடை வறண்டு கெடக்குன்னு சொல்லுவேன். அதுக்கு முன்னாடி நீங்களே குழாயைத் திறந்து விட்டுருங்க. பூண்டு போனது போகட்டும். சாமிக்குத் தண்ணி பிடிக்கணும், நாளைக்கழிச்சு நடை கட்டணும்" அப்படின்னாரு.

மிரட்டல் இல்லீங்க அது. மிரட்டியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். கெஞ்சவும் இல்ல. பால் எத்தனை லிட்டர்னு கேக்குற மாதிரிக் கேட்டாரு.

நான் சொன்னேன், சாமி, இப்பத் திறக்க முடியாது, ஆபீசருங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் திறந்து விடுறேன், அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி வராதுன்னு.

சரிம்மான்னாரு. கொஞ்சம் யோசிச்சுட்டு, அப்ப நான் காலையில வெள்ளனே ஓடைக்குள்ள இருக்கிற அந்த வட்டமான பாறைக்குப் பக்கத்துல ஊத்துத் தோண்டிக்கிறேன், மணலுக்கடியில கசிவு இருக்கும், செம்புக்கு அது போதும், அதுவும் ஓடைத் தண்ணிதானேன்னாரு. நல்லதுங்க சாமின்னேன். விபூதி வச்சு விட்டாரு. தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன்.

மாலை போட்டவர்கிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு அடிவாரத்துல பிறந்தவளுக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம். நான் சொன்னப்ப அது பொய் இல்ல. அணை அப்ப நிறைஞ்சுதான் இருந்துச்சு, விளிம்புல தொட்டுக்கிட்டு. ஆய்வன்னைக்கு ஓடையில தண்ணி காட்டணுமேன்னு ரெண்டு நாளா டர்பைனை நிறுத்தித் தேக்கி வச்சிருந்தேன். வருசக் கடைசியில ரெண்டு நாள் கரண்டை விட்டுக் குடுக்கிறது எனக்கு எவ்வளவு வலின்னு மெஷின் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும். ஆனா எப்பத் திறக்குறதுன்னு நான் அப்ப முடிவு பண்ணலை. முடிவு பண்ணாததைப் பொய்னு சொல்ல முடியாது.

மறுநாள் மேகம் தரையில இறங்கிக் கெடந்துச்சு. வெளிச்சம் வந்ததும் கொஞ்சம் விலகுச்சு. நான் அணை மேல நின்னுக்கிட்டு இருந்தேன். மனோஜ்குமார் கீழ எட்டிப் பார்த்துட்டு, "அக்கா, கந்தவேலண்ணன் பாறைக்குப் பக்கத்துல ஊத்துத் தோண்டிக்கிட்டு இருக்காரு"ன்னான். பார்த்தேன்டா, நீ ரோட்டுக்குப் போய் ஜீப் வந்தா வழிகாட்டுன்னு அனுப்பி வச்சேன். ஜீப் கவுஞ்சி ரோட்டுல திரும்பிட்டதா போன் வந்துச்சு. பாலம் வரைக்கும் ஓடை நனையணும்னா அப்பத் திறந்தாத்தான் உண்டு.

சைரனை ஊதுனேன்.

அவரு குனிஞ்சு மண்ணள்ளிக்கிட்டு இருந்தாரு. நிமிரலை. கையை மட்டும் தூக்கிக் காட்டினாரு, வழக்கம் போல.

முறைப்படி காத்திருந்தேன். குறைச்சலாக் காத்திருந்தேன்னு யாரும் சொல்ல முடியாது. காத்திருந்தப்ப யோசிச்சேன், கூப்பிடலாமான்னு. கூப்பிடு தூரம்தான். பனியில குரல் நல்லாவே கேக்கும். இறங்கி நடந்து போய்க் கையைப் பிடிச்சு மேடேத்தியும் விடலாம். ஏத்தி விட்டா என்ன ஆகும், அவரு கரையில நிப்பாரு. ஜீப் வரும். ஐயா, இந்தத் தண்ணி இப்பத்தான் வந்துச்சு, தையில இருந்து இல்லைன்னு அந்தப் பச்சை வேட்டியோட சொல்லுவாரு. மாலை போட்டவர் சொன்னா யார்தான் நம்ப மாட்டாங்க. அங்கீகாரம் போகும். கம்பெனிக்காரன் கையைக் கழுவிருவான். என் டர்பைன் நிக்கும்.

ரெண்டாவது தடவையும் ஊதுனேன். மறுபடி கையைத் தூக்கினாரு. இந்தத் தடவை செம்பு இருந்த கை.

அந்த ஷட்டர் பட்டன்ல ஏறுறது இல்ல மேடம். சக்கரத்தைக் கையால சுத்தணும். ஒரு சுத்துக்கு ஒரு விரக்கடை ஏறும். கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கணும்னுதான் அப்படி வச்சிருக்கு. எந்தச் சுத்துலயும் நிறுத்தலாம். நான் நிறுத்தலை. முழுசாத் திறந்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்குது. உங்க லேடி கான்ஸ்டபிள்கிட்ட தைலம் கேட்டிருந்தேன், வரலை.

தண்ணிச் சத்தம் கேட்டதும் அவரு நிமிர்ந்தாரு. ஓடலை. அந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க ஓடுறது. என்னைத்தான் பார்த்தாரு. கோவமா இல்ல, என்னம்மா இப்படின்னு கேக்குற மாதிரி. வாய் அசைஞ்சுச்சு, என்ன சொன்னாருன்னு தண்ணி இரைச்சல்ல கேக்கலை. அப்புறம் அந்த இடத்துல தண்ணி மட்டும்தான் இருந்துச்சு.

கீழ இறங்கி வந்தேன். போர்டுல துண்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஆய்வுக்கு வர்றவங்க போர்டைப் படிப்பாங்க, முழுசாத் தெரியணும். எடுத்தேன். பனியில நனைஞ்சிருந்துச்சு. சாமி துண்டுங்கிறதால கீழ போட மனசு வரலை.

ஜீப் வந்துச்சு. பாலத்துல நின்னு பார்த்துட்டு வந்தவங்களுக்கு ரொம்பத் திருப்தி. கோடைக்கே இவ்வளவு தண்ணி விடுறீங்களேம்மான்னு ஒருத்தர் ஆச்சரியப்பட்டாரு. சத்தத்தோட ஓடுற தண்ணியைச் செல்போன்ல பிடிச்சு வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பினாரு இன்னொருத்தர். டர்பைனைச் சுத்த விட்டுக் காட்டினேன். என் பேரிங்கைத் தொட்டுப் பார்த்துட்டு, வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி வச்சிருக்கீங்கன்னாங்க. சுக்குக் காபி குடுத்தேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க, நான் ஷட்டரை இறக்கினேன். மத்தியானத்துக்கு மேலதான் முருகம்மாள் கூப்பிட்டுக்கிட்டே கரையோரமா வந்தாங்க. அண்ணனோட சம்சாரம். மாலை போட்டிருக்கிறதால அவங்களும் அவரைச் சாமி, சாமின்னுதான் கூப்பிட்டுக்கிட்டே வந்தாங்க. இங்க வரலைங்கன்னேன். அது ஒண்ணுதான் நான் சொன்ன பொய். அவங்க மாலை போடலை.

பாலத்துக்கு அந்தப் பக்கம், கல்லுக்கு இடுக்குல கெடச்சாருன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். செம்பு கெடச்சுதா மேடம். இல்லையா. அது எங்க கடைச் செம்பா இருந்தாலும் இருக்கும், அடியில வேல் முத்திரை குத்தியிருக்கும்.

நீங்க ஏன் அப்படிப் பார்க்குறீங்கன்னு தெரியுது. இவளுக்கு மனசே இல்லையான்னு. இருக்குங்க. அன்னைக்கு ராத்திரி ரசம் வச்சேன். அவரு குடுத்த பூண்டைத் தட்டினேன். சாப்பிட முடியலை, கீழ ஊத்திட்டேன். ஆனா மறுநாள் வெள்ளனே எந்திரிச்சு டர்பைனை ஓட்டுனேன். ஒப்பந்தத்துல சொன்ன அளவை மார்ச் முடியுறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டேன். சட்டம் கம்பெனிக்கு ஒரு கடமையை வச்சுச்சு, கம்பெனி அதை என் தலையில வச்சுச்சு, நான் யார் தலையிலயும் வைக்காமச் செஞ்சு முடிச்சேன். அதுல எனக்கு வெக்கம் கிடையாது. இதே ஓடையில வெள்ளம் தானா வந்து ஆளை அடிச்சிருந்தா விதின்னு சொல்லிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பீங்க.

அதனால வக்கீல் சொன்னதை எழுதாதீங்க. நான் சொல்றதை எழுதுங்க. ஷட்டர்ல பழுது இல்ல. சைரன்ல பழுது இல்ல. ஆள் நிக்கிறதைப் பார்த்து, தெரிஞ்சே, முழுசாத் திறந்தது ரோகிணி. மெஷின்ல கோளாறுன்னு ஒரு வார்த்தை வந்தாலும் அங்கீகாரத்தை நிறுத்தி வச்சிருவாங்க, நிலையத்தைப் பூட்டிருவாங்க. மனுசியில கோளாறுன்னா வேற மனுசியைப் போட்டு ஓட்டிக்கலாம். மனோஜ்குமார்கிட்ட கிரீஸ் டப்பா எங்க இருக்குன்னு சொல்லியிருக்கேன். பங்குனி முடிஞ்சு மழை பெய்ஞ்சா குழாய்ல இருக்கிற கட்டையையும் எடுத்துரச் சொல்லுங்க. மழை பெய்ஞ்சப்புறம், முன்னாடி வேண்டாம்.

எங்க கையெழுத்துப் போடணும். இங்கயா.

அந்தத் துண்டை வழக்கு முடிஞ்சதும் முருகம்மாள்கிட்ட நீங்களே குடுத்துருங்க மேடம். என் துணியோட சேர்க்காம, தனி வாளியில, மஞ்சத்தண்ணி விட்டுத் துவைச்சேன்னு சொல்லுங்க. மாலை போட்டவங்க விசயத்துல நான் ரொம்பக் கவனமா இருப்பேன். அடிவாரத்துல பொறந்தவ.